பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கடற்பாசி வளர்க்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் பன்னிரண்டு பெண்கள் கொண்ட சுய உதவிக் குழு இருக்கிறது. கடற்பாசி வளர்ப்பில் இறங்க நினைக்கிறார்கள். குழுவில் ஒருவரின் மகள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். வருமானம் நிற்குமா? பாசி வளர்த்தால் கடல் தேறும் என்கிறார்களே, உண்மையா? அமெரிக்காவில் பிரென் ஸ்மித் என்ற கடல் விவசாயி செய்வதுபோல் பாசி, சிப்பி எல்லாவற்றையும் ஒரே பண்ணையில் அடுக்கடுக்காக வளர்க்க நம் கடலில் முடியுமா?

மண்டபம், பாம்பன் பக்கம் பாசிக் குழுக்களோடு பல வருடம் பழகியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இறங்கலாம். ஆனால் கடலுக்குள் என்ன செய்வது என்று யோசிப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் கரையில் என்ன செய்வது என்று யோசியுங்கள். நான் பார்த்த வரையில் மூடிப்போன குழுக்களில் பெரும்பாலானவை கரையில்தான் தோற்றன.

வேலை எப்படி என்று தெரிந்தால்தான் கணக்குப் புரியும். ஒரு மிதவை என்பது 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். அதில் 20 கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் 20 இடத்தில் பாசித் துண்டு. ஒரு துண்டு ஏறத்தாழ 150 கிராம். ஆக, ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை. மிதவைக்கு அடியில் பழைய வலையை விரித்துக் கட்டுவார்கள். ஓரா மீன் வந்து மேயாமல் இருக்கவும், அறுந்த துண்டு கடலோடு போகாமல் இருக்கவும் அந்த வலை. 45 நாளில் 60 கிலோ 240, 260 கிலோ ஆகும். அதில் 60 கிலோவை மறுபடி விதைக்கு எடுத்துக்கொண்டு மீதி 200 கிலோவைக் காய வைத்தால் சுமார் 20 கிலோ சருகு கிடைக்கும். ஒரு ஆளுக்கு 45 மிதவை என்று பழைய ஆட்கள் கணக்கு வைத்திருப்பது இதனால்தான். நாளுக்கு ஒரு மிதவை அறுத்து, அன்றைக்கே கட்டி இறக்கினால் சுற்று நிற்காமல் ஓடும்.

இந்தக் கட்டும் வேலையை நேரில் பார்க்க வேண்டும். மண்டபம் பக்கத்து முனைக்காட்டில் ஒரு விடிகாலை. தார்ப்பாயில் ஈரப் பாசி குவிந்து கிடக்கிறது, சுற்றி நாலு பெண்கள். அதில் மூத்த அக்கா கயிற்றின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். இடது கை கயிற்றின் முறுக்கைப் பிரிக்கும், வலது கை பாசியைக் கிள்ளி நுழைக்கும். பேச்சு நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. நானும் உட்கார்ந்து கட்டிப் பார்த்தேன். நான் எடுத்த துண்டைப் பார்த்ததும் பிடுங்கிப் போட்டுவிட்டார். "முத்தலக் கட்டாத தம்பி. முனை இளசா இருக்கிறதாப் பாத்துக் கட்டு. முத்தல் வளராது, நாலு நாள்ல கழண்டு போயிரும்." பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்வதை அந்த அக்கா மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

சரி, இப்போது வருமானம். ஒருவரிடம் 45 மிதவை இருந்து, கடலும் ஒத்துழைத்து, மாதம் 25 நாள் வேலை நடந்தால் 500 கிலோ சருகு வரும். விலை வருடத்துக்கு வருடம் மாறுவதால் நான் ஒரு விலையைச் சொல்லி ஆசை காட்டப் போவதில்லை. வேறு விதமாகப் பாருங்கள். வியாபாரி கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்தால் ஒரு பெண்ணுக்கு அந்த மாதம் 5,000 ரூபாய் போகிறது. பன்னிரண்டு பேருக்கு 60,000. கடலில் எவ்வளவு பாடுபட்டு வளர்த்தாலும் எடை போடும் இடத்தில் ஒரு நிமிடத்தில் போகிற பணம் இது. அப்புறம், வருடம் முழுக்க வேலை இருக்காது. உங்கள் பக்கம் வடகடல், அதாவது பாக் விரிகுடா. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றும் மழையும் வந்தால் மிதவை நிற்காது. மழைத் தண்ணீர் சேர்ந்து கடல் உப்பு குறைந்தாலே பாசி வெளுத்து நைந்துவிடும். வருடத்தில் எட்டு மாதம், ஒன்பது மாதம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வளர்க்கும் பாசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பெயர் கப்பாபைகஸ் அல்வரேஸி, பூர்வீகம் பிலிப்பைன்ஸ் பக்கம். பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அதைக் கொண்டுவந்து முதலில் குஜராத் கரையிலும், 1990களின் நடுவில் மண்டபத்திலும் வளர்த்துப் பார்த்தது. 2000ஆம் ஆண்டில் பெப்சி நிறுவனம் உரிமம் பெற்று ஒப்பந்த முறையில் வளர்க்க ஏற்பாடு செய்தது. 2008இல் அது இந்தத் தொழிலை அக்வாக்ரி என்ற நிறுவனத்திடம் விட்டுவிட்டுப் போனது. ஆனால் பாம்பன் பக்கம் பல பேர் வாயில் இன்னும் அது 'பெப்சி பாசி'தான். அந்தப் பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை சேர்கிறது.

2012-13இல் தமிழ்நாட்டில் சுமார் 1,500 டன் சருகு வரை உற்பத்தி ஏறியது. அதற்கு அடுத்த ஆண்டுகளில் பாசி கூட்டம் கூட்டமாகச் செத்தது, உற்பத்தி படுத்துவிட்டது. தண்ணீர் சூடேறினால் இந்தப் பாசியின் தண்டு வெளுத்துப் பனிக்கட்டி போலாகி ஒடிந்து விழும். அதோடு இன்னொரு பலவீனமும் உண்டு. நம் கடலில் இருப்பது பெரும்பாலும் ஒரே தாய்ச் செடியிலிருந்து கிள்ளிக் கிள்ளிப் பெருக்கியது. எல்லாம் ஒரே ரத்தம் என்றால் நோய் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். விதை போனவுடன் குழுக்களின் கையில் எதுவும் மிஞ்சவில்லை. மூங்கில் இருந்தது, கயிறு இருந்தது, ஆள் இருந்தார்கள். கட்ட விதை இல்லை. நெல்லுக்கு விதைக் கோட்டை கட்டி வைத்த ஊர்க்காரர்கள் நாம். கடலில் அதை மறந்துவிட்டோம்.

அதனால் நான் எல்லாக் குழுக்களிடமும் கேட்டுக்கொள்வது: முதல் அறுவடையை விற்காதீர்கள். 10 மிதவையோடு தொடங்கினால் 600 கிலோ விதை போதும். 45 நாளில் அது 2,400 கிலோ ஆனால் அத்தனையையும் மறுபடி கட்டுங்கள், 40 மிதவை ஆகும். அடுத்த 45 நாளில் 160 மிதவைக்கான விதை கையில் இருக்கும். மூன்று மாதம் பொறுத்தால் விதைக்காக யாரிடமும் கை நீட்ட வேண்டாம். அந்த மூன்று மாதம் பெண்கள் பழைய வேலையை விடாமல் இருப்பதும் நல்லது. எப்போதும் பத்தில் ஒரு மிதவையைப் பிரதான இடத்திலிருந்து தள்ளி வேறு இடத்தில் போட்டு வையுங்கள். ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் தப்பும்.

இனி கரை. காய வைக்கும் இடம்தான் உங்கள் தொழிற்சாலை. மணலில் கொட்டிக் காய வைத்தால் மணல் ஒட்டும், வியாபாரி எடையில் கழிப்பார். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பரண் கட்டி, பழைய வலையை விரித்து அதன் மேல் போட்டால் அடியிலும் காற்று போகும். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். நடுவில் ஒரு மழை நனைத்தால் உப்பு கழுவப்பட்டுத் தரம் போய்விடும். அதனால் மூடத் தார்ப்பாய் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். சரியாகக் காய்ந்த பாசி கையில் அழுத்தினால் ரப்பர் மாதிரி வளையும், மேலே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், ஈரம் கையில் ஒட்டாது.

ஒருமுறை நான் பழகிய ஒரு குழுவின் சரக்கை எடுக்க வந்த வியாபாரி, "ஈரம் அதிகம்" என்று சொல்லி எடையில் பெரிய பங்கைக் கழித்தார். அது எவ்வளவு ஈரம் என்று அளந்து சொல்ல எங்களிடம் கருவி இல்லை, வேறு வியாபாரியின் தொலைபேசி எண்ணும் இல்லை, மூட்டையை இன்னும் பத்து நாள் வைத்திருக்கக் கூரையும் இல்லை. கொடுத்த காசை வாங்கிக்கொண்டோம். அன்று இரவு அந்தப் பெண்கள் எதுவும் பேசவில்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. சொந்தத் தராசு, ஈரம் அளக்கும் சிறு கருவி, பூட்டு போட்ட ஒரு கொட்டகை, குறைந்தது இரண்டு வாங்குபவர்கள்: இந்த நாலும் கையில் வந்த பிறகு மிதவையைக் கூட்டுங்கள்.

உங்கள் பாசியை வாங்க ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவது தப்பில்லை. ஆனால் விதையும் அவர்களுடையது, கயிறும் அவர்களுடையது, விலையும் அவர்கள் சொல்வது என்றால் உங்கள் குழு கூலிக்கு வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். கிழக்கு ஆப்பிரிக்காவின் சன்சிபார் தீவில் 1989இலேயே இந்த வளர்ப்பு தொடங்கியது, செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கடல் சூடேறி நல்ல விலை கிடைக்கும் ரகம் அவர்களுக்கும் செத்தது. ஃப்ளவர் ம்சுயா என்ற ஆராய்ச்சியாளர் அந்தப் பெண்களோடு உழைத்தார். குழாய் வலையில் பாசியை அடைத்து ஆழமான தண்ணீரில் வளர்ப்பதைப் பழக்கினார். பாசியைச் சருகாக மட்டும் விற்காமல் சோப்பு செய்து விற்கும் வழியும் அங்கே உருவானது. ஒரு மூட்டைச் சருகின் விலைக்கும், அதில் ஒரு கைப்பிடி சேர்த்த சோப்புகளின் விலைக்கும் உள்ள தூரத்தை அந்தப் பெண்கள் கண்ணால் பார்த்தார்கள்.

நமக்கும் அப்படி வழிகள் உண்டு. பச்சைப் பாசியைப் பிழிந்து சாறு எடுத்துப் பயிருக்குத் தெளிக்கும் தொழில்நுட்பம் பாவ்நகர் நிறுவனத்திடமிருந்து வந்ததுதான். உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோவின் 'சாகரிகா' அந்த வகைதான். சாறு எடுத்த சக்கையிலிருந்து கராஜீனனும் எடுக்கலாம். அந்தச் சாற்றுக்குத் திருவாடானை வட்டாரத்திலேயே விவசாயிகள் இருக்கிறார்கள். கடல்பாசியை நோன்பு திறக்கும் தட்டில் பாலும் சர்க்கரையும் சேர்த்து வில்லை வில்லையாக வைக்கும் ஊர் தொண்டி. அந்த வீட்டுப் பாசி அகர், அது கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றிலிருந்து வருகிறது. மதுரையில் அகர் எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. கஞ்சிப்பாசி நம் கடலின் சொந்தச் செடி, மிதவையிலும் வளரும். கப்பாபைகஸ் அளவுக்குக் குவியாது, உண்மைதான். ஆனாலும் 10 மிதவையில் 2 மிதவை அதற்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடல் தேறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பாசிக்கு உரம் வேண்டாம், தீனி வேண்டாம், நல்ல தண்ணீர் வேண்டாம். கரையிலிருந்து வழிந்து வரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சி வளர்கிறது, பகலில் தண்ணீரில் பிராணவாயு சேர்க்கிறது. மிதவை அடியில் குஞ்சு மீன்கள் ஒதுங்குவதைப் பாசி கட்டும் பெண்களே காட்டுவார்கள். மீளுருவாக்கக் கடல் பண்ணை என்று சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் எந்தச் செடியை எந்த இடத்தில் போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஹவாயில் 1970களில் சோதனைக்காகக் கொண்டுபோன இதே வகைப் பாசி கனேயோஹே விரிகுடாவில் பவளத் திட்டுகள் மேல் படர்ந்தது. மன்னார் வளைகுடாவில் நம் குருசடைத் தீவிலும் உயிருள்ள பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பதை 2008இல் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். சிறு துண்டு அறுந்து போய் ஒட்டிக்கொண்டாலே போதும், வளர்ந்துவிடும். 2005இலேயே தமிழக அரசு இந்தப் பாசி வளர்ப்பைப் பாக் விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கரைக்கும் மட்டும் என்று வரையறுத்தது இந்தப் பயத்தால்தான். மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

உங்கள் பக்கம் பவளத்தைவிடக் கடற்புல்லைத்தான் கவனிக்க வேண்டும். ஆவுளியா என்ற கடற்பசு மேய்வது அந்தப் புல்லை. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள், நீங்கள் அதற்குத் தெற்கே இருக்கிறீர்கள். விலங்கு எல்லைக்கோடு பார்த்து மேயாது. புல்லுக்கு மேலே மிதவையைப் பாய் விரித்ததுபோல் நெருக்கிக் கட்டினால் அடியில் வெயில் இறங்காமல் புல் அழுகும். மணல் தெரியும் தரையாகப் பார்த்து, மிதவைக் கூட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டுங்கள். தரை எது என்று கண்டுபிடிக்க உங்கள் ஊரில் நண்டு வலை போடும் பெரியவர் ஒருவர் போதும். கரியமில வாயு வரவு (கார்பன் கிரெடிட்) என்று சொல்லி யாராவது பணம் தருவதாக வந்தால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். பாசி உறிஞ்சிய கரி ஐஸ்கிரீமாகிச் சாப்பிட்டதும் திரும்பக் காற்றுக்கே போகிறது.

ஒழுங்கை யார் காப்பது? பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுக்கும் பெண்களின் தலைவி. தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு 2015இல் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, பவளத்தைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு கையாலேயே பறிப்பவர்கள். தினமும் தண்ணீருக்குள் இருப்பவர்கள் பேசி முடிவெடுத்த விதி, அதனால் அது நிற்கிறது. உங்கள் குழுவும் முதல் மிதவை இறக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும்: அறுந்து கரை ஒதுங்கும் பாசியைத் தினம் பொறுக்குவது யார், பழைய கயிற்றையும் பிளாஸ்டிக்கையும் கரைக்குக் கொண்டுவருவது யார் என்று.

அடுக்குப் பண்ணை விஷயம். பிரென் ஸ்மித் கனெக்டிகட்டில் சிப்பி வளர்த்தவர். 2011இல் ஐரீன், 2012இல் சாண்டி என்று இரண்டு புயல் அடுத்தடுத்து அவர் சிப்பிப் பண்ணையைப் புதைத்தன. ஒரே பயிரை நம்பக் கூடாது என்று அதற்குப் பிறகுதான் மேலே கெல்ப் பாசியும் கல்லுமைக்காயும் கயிற்றில் தொங்க, அடியில் கூண்டுகளில் சிப்பி என்று மாற்றினார். பிறருக்குக் கற்றுக்கொடுக்க கிரீன்வேவ் என்ற அமைப்பையும் தொடங்கினார். யோசனை அருமை. ஆனால் கெல்ப் குளிர்ந்த தண்ணீர்ச் செடி, நம் கடலில் வராது. நமக்கு நெருக்கமான உதாரணம் காசர்கோடு பக்கம் படன்னாவில் இருக்கிறது. அங்கே 1990களின் பிற்பாதியிலிருந்து பெண்கள் குழுக்கள் காயலில் கயிறு கட்டிக் கல்லுமைக்காய் வளர்க்கின்றன. அவர்களுக்குக் குஞ்சு பக்கத்துக் கடல் பாறையில் கிடைக்கிறது. உங்கள் கரை சேறும் மணலும், குஞ்சை வெளியிலிருந்து வாங்க வேண்டும். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் கடல் விரால் கூண்டைச் சுற்றிப் பாசி மிதவை கட்டிப் பார்த்தது. மீன் கழிவை உறிஞ்சிய பாசி, தனியாக வளர்த்ததைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விளைந்தது. ஆனால் கூண்டு பெரிய முதல், தீனிச் செலவு தினச்செலவு. ஊரில் ஏற்கெனவே யாராவது கூண்டு போட்டிருந்தால் அவர்களோடு பேசி நாலு மிதவையைச் சுற்றிக் கட்டிப் பாருங்கள். நீங்களே கூண்டு போடுவதை மூன்றாம் வருடத்துக்குத் தள்ளி வைக்கலாம்.

பணத்துக்கு, 2020இல் வந்த மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா என்ற மீன்வளத் திட்டத்தில் ஒரு மிதவைக்கு 1,500 ரூபாய் என்று மதிப்பு வைத்து, பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் தந்தார்கள். உங்கள் வட்டத்திலேயே வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் இரண்டைப் பற்றியும் இன்றைய நிலவரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மானியம் வரும் என்ற நம்பிக்கையில் வட்டிக்கு மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஊர்க் கூட்டத்தில் பேசுங்கள். நீங்கள் மிதவை போட நினைக்கும் இடம் யாரோ ஒருவர் அதிகாலையில் வலை விடும் இடமாக இருக்கும். அவரோடு பேசாமல் நங்கூரம் போட்டால் கயிறு அறுபடும், பிறகு சண்டை வரும். தை பிறந்ததும் 10 மிதவை இறக்க வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் பரணும் கொட்டகையும் கட்டிக்கொள்ளலாம். பயிற்சிக்கு மண்டபம் போகும்போது ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள், மூன்று பேராவது போகட்டும். இரண்டு பேர் கயிறு கட்டுவதைக் கற்றுக்கொள்ளட்டும். மூன்றாமவர் எங்கேயும் போகாமல் அங்குள்ள குழுக்கள் பாசியைக் காய வைத்து எடை போடும் இடத்தில் ஒரு முழு நாள் நின்று, யார் என்ன கேட்கிறார்கள், எவ்வளவு கழிக்கிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும்.